பச்சைப் பொத்தானும் என் சுண்டுவிரலும்

என் ஓரகத்தியின் முகத்தை ஊரே பார்த்துவிட்டது. யாராவது பார்க்கவில்லை என்றால் அவர்களிடம் போன் இல்லை என்று அர்த்தம். அந்த முகம் அங்கே எப்படிப் போனது, எப்படித் திரும்பி வந்தது என்று சொல்கிறேன். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் எனக்கு அவ்வளவு இஷ்டமில்லை. ஆனாலும் அவளை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. ஒருத்தியைப் பார்த்து வயிறெரிந்துகொண்டே ஒரே வீட்டில் காலம் தள்ளிப் பாருங்கள். அவளுக்கு முடி எந்தப் பக்கம் முதலில் நரைத்தது என்பதுகூட மனப்பாடமாகிவிடும்.

அவள் என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. கீழ்வீடு எங்களுக்கு, மாடி அவர்களுக்கு. இந்த வீட்டுக்கு முதலில் வந்தவள் நான். நான் வந்த அன்று மாமியார் எனக்குச் சமையலறையைக் காட்டினார். அவள் வந்த அன்று அவளுக்கு நிலைக்கண்ணாடியைக் காட்டினார். "இப்படி வந்து நில்லும்மா, உன் முகத்தை நீயே பாரு" என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. என்னைக் கண்ணாடி முன்னால் யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தாலும் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, அது வேறு விஷயம். நிறுத்தியிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலையில் இருந்தார். ஊரிலுள்ள அத்தனை கதவையும் தட்டியவர், என்னை மட்டும் ஓரிடத்துக்கும் கூட்டிப் போனதில்லை. கொழுந்தன் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். லீவு நாளில் அந்தக் காலி வேனில் பெண்டாட்டியை உட்கார வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போவார். திரும்பி வரும்போது ஸ்டீயரிங் அவள் கையில் இருக்கும். புழுதி படிந்த தலையோடு சிரித்துக்கொண்டே இறங்குவாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அந்த நாட்களில் எங்கள் வீட்டுப் பாத்திரம் பளபளத்த மாதிரி யார் வீட்டிலும் பளபளத்திருக்காது.

ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"தம்பி, எனக்கும் சொல்லிக்குடுங்களேன்."

"வாங்க அண்ணி, இதுக்கென்ன!" என்றார் கொழுந்தன். நல்ல மனுஷன்.

நான் படியில் கால் வைத்து, உள்ளே ஏறக் கதவு விளிம்பைப் பிடித்தேன். ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்த மகராசி கதவை இழுத்துச் சாத்தினாள். என் வலதுகைச் சுண்டுவிரல் நடுவில் மாட்டிக்கொண்டது. எலும்பு முறிந்து, கட்டுப் போட்டு, கடைசியில் கோணலாகவே கூடிவிட்டது. மற்ற மூன்று விரலும் ஒழுங்காக இருக்க, இது மட்டும் வெளியே வளைந்து யாரையோ கூப்பிடுகிற மாதிரி நிற்கும். அன்றைக்கு அவள் அழுத அழுகை இருக்கிறதே! அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் அவளைச் சுற்றி நின்று தேற்றினார்கள். விரல் என்னுடையது, ஆறுதல் அவளுக்கு.

வருஷக்கணக்காக அந்த வழக்கு முடியவில்லை.

"அக்கா, நீங்க கையை அங்க வெச்சிருக்கக் கூடாது."

"நீ கதவை இழுத்திருக்கக் கூடாதுடி."

அதோடு என் டிரைவிங் முடிந்தது. அவளுடையது முடியவில்லை.

கொழுந்தன் சின்ன வயதிலேயே நெஞ்சுவலியில் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் வேறு டிரைவரைத் தேடினார்கள். இவள் தன் லைசென்ஸை எடுத்துக்கொண்டு நேரே போய் நின்றாள். சிரித்தார்கள். சாவியைக் கொடுங்கள், ஓட்டிக் காட்டுகிறேன் என்றாள். ஒரு வாரம் தாங்குவாளா பார்க்கலாம் என்று நானும் இருந்தேன். வாரம் போய் வருஷங்கள் ஆயின. அன்று அவள் வேனில் அழுதுகொண்டே போன குழந்தைகள் இன்று மீசையோடு வந்து, "வேன் ஆன்ட்டி, நல்லா இருக்கீங்களா?" என்று விசாரிக்கிறார்கள்.

அவள் ஓட்டுகிற லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். குறை சொல்ல இடம் இருந்தால் நானே முதலில் சொல்லியிருப்பேன். வண்டியை எடுப்பதற்கு முன்னால் சுற்றி ஒரு நடை நடப்பாள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் குனிந்து அடியில் பார்ப்பாள். சின்னப் பிள்ளைகள் உருண்டுபோன பந்தை எடுக்க அடியில் நுழைந்துவிடும் என்று பயம். மழை பெய்தாலும் அந்த நடை நிற்காது. இறக்கிவிட்ட பிள்ளையின் வீட்டுக் கதவு திறந்து ஆள் முகம் தெரிகிற வரைக்கும் வண்டி நகராது. பின்னால் எத்தனை வண்டி ஹாரன் அடித்தாலும் சரி. வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு ஜன்னலோரம். அழுகிற பிள்ளைக்குத் தன் சீட்டுக்குப் பின்னால் இடம் கொடுத்து, "என் தண்ணி பாட்டிலை நீதான் பத்திரமா வெச்சுக்கணும்" என்று ஒரு உத்தியோகமும் கொடுப்பாள். பாட்டில் கைக்கு வந்ததும் அழுகை நின்றுவிடும். என் சொந்தப் பேத்தியே காலையில் கண்ணைத் திறந்ததும் மாடியைப் பார்த்துத்தான் கத்துவாள். இவளைப் பெற்ற மருமகளுக்குப் பால் கஷாயம் எல்லாம் கொடுத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி வளர்த்தவள் கீழே நிற்கிறேன், கண்ணில் படமாட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்தில் ஒரு புதுச் சட்டம் போட்டார்கள். எல்லா வேன் டிரைவரும் போனில் ஒரு ஆப் வைத்துக்கொள்ள வேண்டுமாம். வேன் எங்கே வருகிறது என்று அம்மா அப்பாக்கள் வீட்டிலிருந்தே பார்க்கலாமாம். மஞ்சள் பொட்டு ஒன்று தெருத்தெருவாக நகருமாம். அந்தப் பொட்டுதான் என் ஓரகத்தி.

அவள் பள்ளிக்கூட மதில் நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு அந்த ஆப்பைத் திறந்தாள். ஓட்டும்போது போனைத் தொடமாட்டாள்; அது சாப்பாட்டு டப்பாவோடு பைக்குள் கிடக்கும். திறந்ததும் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து வந்ததாம். எழுத்துக்கு அடியில் இரண்டு பொத்தான். ஒன்று பெரிதாக, பச்சைப் பசேலென்று. இன்னொன்று ஓரத்தில் சாம்பல் நிறத்தில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி. அவளுக்குப் படிக்கத் தெரியும். எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் படிக்கத் தெரிந்த மகராசி படிக்கவில்லை. பச்சையை அழுத்தினாள். அடுத்த பக்கம் வந்தது, அங்கேயும் பச்சை. அதையும் அழுத்தினாள். ஆயுசு முழுக்க ரோட்டில் இருந்தவள். பச்சையைப் பார்த்தால் நிற்கிற பழக்கம் அவளிடம் கிடையாது.

கடைசியில் போட்டோ கேட்டது. டிரைவர் யாரென்று அம்மா அப்பாக்களுக்கு அடையாளம் தெரிய வேண்டுமாம். வேனுக்குப் புதுப் பெயின்ட் அடித்த அன்று என் மருமகள் எடுத்த படம் ஒன்று அவள் போனில் இருந்தது. இரண்டு பேரும் நின்று எடுத்தது. நான் வேன் படிமேல் நின்றிருந்தேன். விழுந்துவிடுவேனோ என்று அவள் தோளைப் பிடித்திருந்தேன். அந்தப் படத்தை ஆப்பின் வட்டத்துக்குள் வைத்தாளாம். வட்டத்துக்குள் அவள் முகம் அடங்கியது. நான் வெளியே போய்விட்டேன்.

"உங்களையும் உள்ள இழுக்கப் பார்த்தேன்க்கா, வட்டம் பத்தல" என்றாள்.

"எனக்கு எப்பதான் பத்தியிருக்கு" என்றேன்.

கொஞ்ச நாள் கழித்து மருமகள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக மாடிக்கு ஓடினாள். அவள் மருந்துக் கடையில் பில் போடுகிறவள். "சின்னத்தை, சின்னத்தை!" என்று அவள் போட்ட சத்தத்தில் நானும் மூச்சு வாங்க ஏறிப் போனேன். போனில் ஓரகத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அதே பெயின்ட் அடித்த நாள் சிரிப்பு. பக்கத்தில் ஒரு சின்னக் குப்பி. மருமகள் எழுத்தை வாசித்தாள்:

"'எதிரே வருவது ஆளா மரமா என்றுகூடத் தெரியாமல் இருந்தேன். இந்தச் சொட்டு மருந்து போட்ட பிறகு உலகமே தெளிவாகிவிட்டது!' கடையில வந்து கேக்கறாங்க சின்னத்தை. அந்தச் சிரிச்ச அம்மா போடற மருந்து குடுங்கன்னு கேக்கறாங்க!"

ஓரகத்தி போனை வாங்கி எழுத்தைத் தானே இன்னொரு தரம் படித்தாள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. இந்த வீட்டில் கண் மங்கினவள் நான். ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகி, இன்னொரு கண்ணில் பனி மூட்டத்தோடு நடமாடுகிறவள் நான். அவளோ இந்த வயதிலும் ஊசியில் ஒரே தடவையில் நூல் கோர்க்கிறவள். நோவு எனக்கு, விளம்பரம் அவளுக்கு!

"நான் எங்கடி அதுல? பெரிசு பண்ணிக் காட்டு" என்றேன்.

"நீங்க இல்ல அத்தை. முழுப் படமும்தான் போயிருக்கு, அதுல உங்களை மட்டும் அழிச்சிட்டாங்க. பின்னால ஏதோ பூந்தோட்டம் வெச்சிருக்காங்க."

"நல்லாப் பாரு."

"பார்த்துட்டேன் அத்தை."

நான் விடவில்லை. அன்றிலிருந்து அந்த விளம்பரம் யார் போனில் வந்தாலும் வாங்கிக் கண்ணருகே வைத்து என்னைத் தேடினேன். வெறும் கலங்கல்தான் தெரிந்தது.

அவளுக்கு வந்த கஷ்டம் அதற்கடுத்த வாரம் தொடங்கியது. ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் குழந்தையின் அம்மா வேன் ஜன்னலருகே வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாதுன்னு எங்களுக்குச் சொல்லவே இல்லையே."

"எனக்குக் கண்ணுக்கு என்னம்மா? அது நான் சொன்னதில்ல. என் படத்தை யாரோ எடுத்துப் போட்டிருக்காங்க."

"இருக்கலாம் ஆன்ட்டி. பச்சக் குழந்தை பாருங்க... நாங்களே கொண்டுபோய் விட்டுக்கறோம்."

அந்தக் குழந்தை மடியில் தண்ணீர் பாட்டிலை வைத்திருந்ததாம். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனதாம். இதைச் சொல்லும்போதுதான் ஓரகத்தியின் குரல் உடைந்தது, வேறெதற்கும் இல்லை.

கண் டாக்டரிடம் போய்ப் பரிசோதித்து, பார்வை சுத்தமாக இருக்கிறது என்று எழுதி வாங்கி வந்து வேன் கண்ணாடியில் ஒட்டினாள். யார் அதைப் படிப்பார்கள்? காகிதம் வேனில் ஒன்றுதான் இருந்தது. விளம்பரம் எல்லார் கையிலும் இருந்தது. ஒவ்வொரு சீட்டாகக் காலியாயிற்று. பள்ளிக்கூட ஆபீசில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்: இந்தப் பருவம் முடிவதற்குள் இது தீராவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று. அவளுக்கு அந்த வேன்தான் வீட்டுக்காரர், பிள்ளை, பிழைப்பு எல்லாம். அது போனால் மாடியில் உட்கார்ந்து என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

தெருவே மாடிக்கு வந்தது துக்கம் விசாரிக்க. கஷ்டம் வந்தாலும் அவளுக்குத்தான் கூட்டம். எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது எட்டிப் பார்த்தவர்களை ஒரே பாயில் உட்கார வைத்துவிடலாம்.

மருமகள் அந்த ஆப் கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். படத்தை எடுங்கள், யார் யாருக்குக் கொடுத்தீர்கள் சொல்லுங்கள் என்று. பதில் வந்தது. நீங்கள் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள், கூட்டாளி நிறுவனங்களோடு பகிரலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தார்கள். அதே கடிதத்தின் கடைசியில், விளம்பரத்தில் இருப்பது உங்கள் படமே அல்ல, கம்ப்யூட்டர் வரைந்த கற்பனை முகம் என்றும் எழுதியிருந்தார்கள்.

"கற்பனை முகம்னா எதுக்குச் சம்மதம்?" என்றாள் மருமகள்.

"திருடலன்னு சொல்றான், திருடினதுக்கு ரசீதும் காட்டறான்" என்றார் என் வீட்டுக்காரர். வருஷத்துக்கு ஒரு தரம் நல்லதாக ஏதாவது சொல்வார்.

இதற்கென்று ஒரு அலுவலகம் இருக்கிறதாம். மனிதர்களுடைய பெயர், படம், போகிற வருகிற இடம் இதையெல்லாம் கம்பெனிக்காரர்கள் இஷ்டத்துக்கு விற்காமல் பார்த்துக்கொள்கிற இடம். மருமகள் அங்கே புகார் போட்டாள். கூப்பிட்ட அன்று ஓரகத்தி கிளம்பினாள். நானும் கிளம்பினேன்.

"நீங்க எதுக்கு அத்தை? படியெல்லாம் ஏறணும்" என்றாள் மருமகள்.

"அந்தப் படத்துல நானும் நின்னேன். என்னை அழிச்சவனை நானும் பாக்கணும்."

"வரட்டும்டா கண்ணு" என்றாள் ஓரகத்தி. "அக்கா வரலன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க." உண்மைதான்.

அங்கே வெளி அறையில் பெஞ்சு நிறைய ஆட்கள். யாரோ வாங்கின கடனுக்குத் தனக்குப் போன் வருகிறது என்று ஒருவர். தான் விட்டு விலகி வந்த புருஷனுக்குத் தன் புது விலாசத்தை, வீட்டுக்குப் பொருள் கொண்டுவந்து தருகிற கம்பெனி காட்டிக் கொடுத்துவிட்டது என்று ஒரு பெண். அவள் ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் திரும்பிப் பார்த்தாள். அவளைப் பார்த்த பிறகு என் ஓரகத்தி தன் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதிகாரி ஒரு அம்மா. முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். பறக்கிற காகிதத்துக்கெல்லாம் மேலே சாவிக்கொத்து, கண்ணாடிக்கூடு, டீ டம்ளர் என்று எதையாவது வைத்திருந்தாள். கம்பெனி வக்கீல் நேரில் வரவில்லை. சுவரில் பெரிய திரை. அதில் அவர் கழுத்துவரைக்கும் தெரிந்தார்.

"மேடம், இது கணினி உருவாக்கிய முகம். பொதுவான ஒரு சாயல். இந்தச் சாயலில் எத்தனையோ பெண்கள் இருப்பார்கள்" என்றார் வக்கீல்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"எத்தனையோ பேரா? யாரு தம்பி, எங்க இருக்காங்க? ஒருத்தியைக் காட்டுங்க பாப்போம்."

"அம்மா, நீங்க யாரு?" என்று கேட்டாள் அதிகாரி.

"இவளோட ஓரகத்தி. மூத்தவ. இந்த முகத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டே கிழவியானவ நான். இதே மாதிரி இன்னொண்ணு இந்த ஊர்ல இருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா? அப்படி இருந்திருந்தா மனசாவது கொஞ்சம் ஆறியிருக்குமே!"

மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஓரகத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை காலமும் அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். என் வாயால் கேட்டது அன்றுதான்.

அதிகாரி சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். "சரிம்மா, உட்காருங்க. அந்த விளம்பரத்தை இதுலயே போடுங்க, பாக்கலாம்" என்றாள். வக்கீலின் முகம் மறைந்து, திரை முழுக்க ஓரகத்தியின் முகம் வந்தது. ஆளுயரத்துக்கு. பின்னால் பூந்தோட்டம். அந்தக் குப்பி, ஒரு குடம் அளவுக்கு. போனில் கலங்கலாகத் தெரிந்ததெல்லாம் என் அரைக்கண்ணுக்குக்கூடத் தெளிவாகத் தெரிந்தது. வழக்கம்போல நான் என்னைத் தேடினேன். முகம் இருந்த இடத்தில் ரோஜாப் பூ. உடம்பு இருந்த இடத்தில் செடி. அவள் இடது தோளில், துணி மடிப்புக்கு மேலே, வெளிறின மாதிரி நான்கு தடிப்பு. கடைசித் தடிப்பு வெளியே வளைந்து, யாரையோ கூப்பிடுகிற மாதிரி.

"என் விரலு!" என்று கத்திவிட்டேன். "அது என் விரலுடி! என்னை அழிச்சவன் விரலை அழிக்க மறந்துட்டான்!"

எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் என் கையை அதன் அருகே வைத்தேன். அதிகாரியும் எழுந்து வந்தாள். வக்கீலின் குரல் மட்டும் கேட்டது: "மேடம், கணினி வரையும்போது விரல்கள் கோணலாக வருவது சகஜம். ஆறு விரல்கூட வரும்."

"வரட்டும். அந்தக் கம்ப்யூட்டரு எந்த வேன் கதவுல கையை வெச்சுது, அதையும் கேட்டுச் சொல்லுங்க" என்றேன்.

மருமகள் அதற்குள் தன் போனில் இருந்த அசல் படத்தை எடுத்துவிட்டாள். படிமேல் நான், கீழே அவள், தோளில் என் கை. அதே மடிப்பு, அதே நான்கு விரல், அதே கோணல். அதிகாரி போனைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது எப்படிம்மா ஆச்சு?"

"நான்தாங்க கதவை இழுத்துச் சாத்தினேன்" என்றாள் ஓரகத்தி, நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே. "தப்பு என்னோடதுதான்."

இத்தனை வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அதையும் நாலு பேருக்கு முன்னால் அழகாகச் சொல்லி நல்ல பேர் வாங்கிக்கொண்டாள் பாருங்கள்.

வக்கீல் கற்பனை முகத்தை விட்டுவிட்டுச் சம்மதத்தைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி அந்த ஆப்பையே திறந்து காட்டச் சொன்னாள். எறும்பு எழுத்தும் இரண்டு பொத்தானும் வந்தன.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் அழுத்தினீங்க?"

"பச்சையா இருந்துச்சுங்க. பச்சைன்னா போகணும். நின்னா பின்னால வர்றவன் திட்டுவான். இத்தனை வருஷமா அதைத்தானே பண்றேன்."

அதிகாரி வக்கீலின் குரல் வந்த திரைப் பக்கம் திரும்பினாள். "வேண்டாம்னு சொல்ற பொத்தானை எனக்கே கண்ணாடி போட்டுத்தான் தேட வேண்டியிருக்கு. சரின்னு சொல்றது எவ்வளவு சுலபமோ, வேண்டாம்னு சொல்றதும் அவ்வளவு சுலபமா இருக்கணும். என்னத்துக்குச் சம்மதிக்கிறோம்னு புரியாம வாங்கினது சம்மதமே இல்ல. அது போகட்டும், டிரைவர் யாருன்னு பெற்றோருக்குத் தெரியறதுக்கு வாங்கின படம் மருந்து விக்க எப்படிப் போச்சு?" என்று கேட்டாள். பிறகு என் பக்கம் கை காட்டினாள். "இந்த அம்மாகிட்ட யாராவது கேட்டீங்களா? இவங்க எந்தப் பச்சையையும் அழுத்தலையே."

வக்கீல் கம்பெனியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

கேட்டுத்தான் சொன்னார்களோ கேட்காமலே சொன்னார்களோ, உத்தரவு வந்தது. படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுக்க வேண்டும். யார் யாருக்குக் கொடுத்தார்களோ அவர்களிடமிருந்தும் அழிக்க வேண்டும். அதே ஆப்பில், வேன் எங்கே என்று பார்க்கிற எல்லாப் பெற்றோருக்கும், அந்த விளம்பரம் பொய், இவருக்கும் அந்த மருந்துக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பை மட்டும் எறும்பு எழுத்தில் போடக் கூடாது என்றும் அதிகாரி எழுதியிருந்தாளாம். மருமகள் அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினாள்.

பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். எல்லாரும் இல்லை. ரெட்டைச் சடைக்காரி வந்துவிட்டாள். அவள் அம்மா ஜன்னலருகே நின்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருக்க, குழந்தை கையை நீட்டிப் பாட்டிலைக் கேட்டதாம். பருவம் முடிந்தது. பள்ளிக்கூடத்தில் வேறு வண்டி பார்க்கவில்லை.

தெருவே மறுபடியும் மாடிக்கு வந்தது, இந்தத் தடவை பாராட்ட. "எவ்வளவு தைரியம் உனக்கு!" என்று அவளைத்தான் சொன்னார்கள். விரலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானே இரண்டு பேரிடம் எடுத்து நீட்டிக் காட்ட வேண்டியதாயிற்று.

எனக்கு ஆறவில்லை. யார் வேண்டுமானாலும் ஒரு கம்பெனியிடம், என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கலாம், அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும் என்று அன்றைக்குக் கிளம்பும்போது அதிகாரி சொல்லியிருந்தாள்.

"எழுதுடி, மிச்சம் இருக்கற என்னை எங்க வெச்சிருக்கான்னு கேளு" என்றேன் மருமகளிடம். சொல்லச் சொல்ல எழுதினாள். பதில் வந்தது. மருமகள் அதை மனதுக்குள்ளே படித்துவிட்டு என்னைப் பார்க்காமல் நின்றாள்.

"என்னடி எழுதியிருக்கான்?"

"உங்களைப் பத்தின தகவல் எதுவும் அவங்ககிட்ட இல்லையாம் அத்தை."

"எதுவுமேவா?"

"எதுவுமே இல்லையாம்."

மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஓரகத்தி சிரித்தாள் பாருங்கள், படியில் உருளாத குறைதான். "அக்கா, அது நல்லதுக்கா! அதுக்குத்தானே ஊரே போராடுது!"

"உனக்கு நல்லது. என் கைய எடுத்து உன் தோள்ல வெச்சுக்குவான், என்னைத் தெரியாதுன்னு சொல்லுவானா? திருடறதுக்குக்கூட நான் லாயக்கில்லையா?"

அவளுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

நேற்றுக் காலையில் ஆப் மறுபடியும் போட்டோ கேட்டதாம். பழையது அழிந்துவிட்டதல்லவா? அவள் போனோடு கீழே வந்தாள். திரையில் இப்போது இரண்டு பொத்தானும் ஒரே அளவு, ஒரே நிறமாம். உட்கார்ந்து மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தாள். என் காப்பி ஆறிப்போகிற அளவுக்குப் படித்தாள். கூட்டாளிகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்ட இடத்தில் வேண்டாம் என்பதை அழுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா, வேன்கிட்ட வந்து நில்லுங்க. போன தடவ மாதிரி ரெண்டு பேருமா எடுத்துக்கலாம்."

"எடுத்து?"

"ஆப்புல போடத்தான். வட்டத்துக்குள்ள உங்களையும் எப்படியாவது நுழைச்சுடறேன். சம்மதமான்னு கேக்கறேன் பாருங்க, முறையா."

என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கண்ணாடி முன்னால் நிற்கிறாயா என்று கேட்டதில்லை, வண்டியில் வருகிறாயா என்று கேட்டதில்லை. நான் கேட்டுத்தான் மற்றவர்கள் கொடுத்திருக்கிறார்கள், கொடுக்காமலும் இருந்திருக்கிறார்கள். இவள் முறையாகக் கேட்டுவிட்டு, பதிலுக்காகச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகளுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, ஆனாலும் நின்றாள்.

"மாட்டேன்" என்றேன்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். வேண்டாம்னு சொல்றதும் சுலபமா இருக்கணும்னு அந்த அம்மா சொன்னாளே, அது சுலபமா இருக்கான்னு பார்த்தேன். இருக்கு."

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு வேனைச் சுற்றி நடந்தாள். ஒவ்வொரு சக்கரத்துக்கும் குனிந்து அடியில் பார்த்தாள். ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்துவதற்கு முன்னால் என் கை எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்தாள். பிறகு போனைத் தூக்கிப் பிடித்துத் தன்னைத் தானே ஒரு படம் எடுத்து, ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டிக் காட்டினாள்.

நன்றாகத்தான் இருந்தது, பாவி.